அத்தியாயம் 4: விலை ஏறும்போது எதைக் குறைக்கக் கூடாது

திருகோணமலைத் துறைமுகத்தில் பிரிமா மா ஆலை 1980 முதல் இயங்கி வருகிறது. கோதுமைக் கப்பல் நம் குடாவுக்குள்ளேயே வந்து நிற்கிறது. அரைத்த மா நம் தெருக்களைக் கடந்துதான் மற்ற ஊர்களுக்குப் போகிறது. ஆனாலும் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு மா மலிவாகக் கிடைத்ததில்லை. இலங்கையில் கோதுமை விளைவதில்லை என்பதால் அதன் விலையை உலகச் சந்தையும் டொலரும் கப்பல் கூலியும் தீர்மானிக்கின்றன. பருப்பு, சீனி, பால்மா, காஸ் எல்லாவற்றின் நிலையும் இதுதான்.

விலையைத் தடுத்து நிறுத்த ஒரு குடும்பத்தால் முடியாது. ஆனால் விலை ஏறும்போது வீட்டில் எதை முதலில் குறைப்பது, எதைக் கடைசிவரை தொடக் கூடாது என்று முடிவு செய்ய முடியும். பல வீடுகளில் அந்த முடிவை யாரும் எடுப்பதில்லை. கையில் இருக்கும் காசு போதாத நேரத்தில் கடை வாசலில் அது தானாக நடந்துவிடுகிறது. அப்படி நடக்கும்போது குறைவது பிள்ளையின் முட்டையும் தாயின் சாப்பாடும்தான். அந்த முடிவைக் கடை வாசலிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவருவது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

2022 நமக்குக் காட்டியது

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் அறிவித்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமாகவும், உணவுப் பொருட்களில் மட்டும் 94.9 சதவீதமாகவும் இருந்தது. முந்தைய ஆண்டு 1,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 1,950 ரூபா தேவைப்பட்டது. சம்பளமும் நாட்கூலியும் அந்த வேகத்தில் ஏறவில்லை.

தனித்தனிப் பொருட்களின் விலைகள் இன்னும் தெளிவாகப் பேசும். 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபாவுக்கு விற்ற 400 கிராம் பால்மா, 2022 மார்ச்சில் 790 ரூபா ஆனது. 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் உயர்ந்தது.

மண்ணெண்ணெயின் அந்த உயர்வு நம் மாவட்டத்தை இரண்டு பக்கமும் அடித்தது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சின்னப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. எண்ணெய்க் காசைக்கூட எடுக்க முடியாத நாட்களில் படகுகள் கரையிலேயே கிடந்தன. மீனவர் வீட்டில் வருமானம் நின்றது, நகரத்துச் சந்தையில் மீன் விலை ஏறியது. கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் மீனாவது மலிவாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை அப்போது உடைந்தது.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வரும்போது விலை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டதாக அர்த்தமில்லை. விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே அதன் பொருள். 2024 செப்டெம்பர் முதல் பல மாதங்கள் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழேகூடப் போனது. ஆனாலும் 2021இன் விலைகள் திரும்பவில்லை. அதே காலத்தில்தான் தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியது. பழைய விலை வரும்வரை சமாளிப்போம் என்று கடன்மேல் கடன் வாங்குவது ஆபத்தானது. புதிய விலையில் வாழும் முறையை அமைத்துக்கொள்வதே வழி.

வீடுகள் எந்த வரிசையில் குறைக்கின்றன

வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இல் காட்டினார். விலை ஏறும்போதும் அதுவே நடக்கிறது. சம்பளம் அப்படியே இருந்தாலும் அதன் வாங்கும் சக்தி சுருங்குவதால் வீடு ஒரு படி கீழே இறங்குகிறது. இலங்கையில் சராசரி வீட்டுச் செலவில் உணவின் பங்கு 2019இல் ஏறக்குறைய 35 சதவீதம். உங்கள் வீட்டில் அது 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், ஒரு வைத்தியச் செலவோ பாடசாலைச் செலவோ வந்தாலே சாப்பாட்டில் கை வைக்க வேண்டி வரும்.

குறைப்பு பெரும்பாலும் ஒரே வரிசையில் போகும். முதலில் உடுப்பு, பயணம், விருந்து. அடுத்து சாப்பாட்டின் தரம்: பாரை வாங்கிய வீடு சூடைக்கும், சூடை வாங்கிய வீடு நெத்தலிக் கருவாட்டுக்கும், பிறகு வெறும் சம்பலுக்கும் இறங்குகிறது. பால் தேநீர் வெறுந்தேநீர் ஆகிறது. பிள்ளைக்குத் தினமும் கொடுத்த முட்டை கிழமைக்கு ஒன்றாகிறது. கிலோவாக வாங்கியது பக்கற்றாகிறது. கடைக் கொப்பியில் கடன் ஏறுகிறது. நகை அடகுக்குப் போகிறது. இதற்கிடையில் அம்மா தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார். “எனக்குப் பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள்” என்று அவர் சொல்லும்போது வீட்டில் யாரும் அதைச் செலவுக் குறைப்பாக எண்ணுவதில்லை.

இந்த வரிசையில் இரண்டு தவறுகள் உள்ளன. வயிற்றை நிரப்பும் சோறும் மாவும் பாணும் குறையாமல், உடலைக் கட்டும் மீன், முட்டை, பருப்பு, கீரை குறைகின்றன. வயிறு நிறைந்திருப்பதால் இழப்பு உடனே தெரியாது. பிள்ளையின் வளர்ச்சியிலும் தாயின் இரத்தச்சோகையிலும் மாதங்கள் கழித்துத்தான் தெரியும். இரண்டாவது, நெருக்கடியில் தொடங்கிய பழக்கம் நெருக்கடி தணிந்த பின்னும் நிற்கிறது. வருமானம் கொஞ்சம் தேறினாலும் சின்னப் பக்கற் வாங்கும் கை பெரிய பக்கற்றுக்குத் திரும்புவதில்லை. நிறுத்திய முட்டையும் திரும்பி வருவதில்லை.

முதல் வேலை: ஒரு மாதக் கணக்கு

ஒரு பாடசாலைக் கொப்பி போதும். ஒரு மாதம், வாங்கிய ஒவ்வொரு பொருளையும் அளவோடும் விலையோடும் எழுதுங்கள். “கடைச் செலவு 2,300” என்று எழுதினால் பயனில்லை. பருப்பு எத்தனை கிராம், சீனி எத்தனை கிராம் என்று இருக்க வேண்டும். பேக்கரிப் பணிஸ், கடைத் தேநீர், பிள்ளையின் தின்பண்டம், தொலைபேசி ரீலோட் எல்லாம் வர வேண்டும். வீட்டில் யார் செலவு செய்தாலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் சொல்லி எழுதிவிடுவது நல்ல வழக்கம்.

மாத முடிவில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள்.

க: காவல். எந்த நிலையிலும் குறைக்கக் கூடாதவை.
ம: மாற்று. அதே பயனை மலிவாகத் தரும் வேறு பொருள் உள்ளவை.
கு: குறை. குறைத்தால் உடலுக்குத் தீங்கு இல்லாதவை.

பல வீடுகளில் “கு” என்று விழும் தொகை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கும். சீனி, பணிஸ், இனிப்புப் பானம், பக்கற் தின்பண்டம், வெற்றிலை, சிகரெட் எல்லாம் அங்கேதான் வரும். விலை ஏறும்போது முதல் வெட்டு இங்கே விழ வேண்டும். சிகரெட்டையும் சாராயத்தையும் கணக்கில் எழுதாமல் முட்டையைக் குறைக்கும் வீடு தன் பிள்ளைக்கு நியாயம் செய்யவில்லை. இதை எழுதக் கூச்சப்பட வேண்டாம், பேசவும் கூச்சப்பட வேண்டாம். கொப்பியைக் கணவனும் மனைவியும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

காவல் பட்டியல்

இந்த அத்தியாயத்தின் நடுப்பகுதி இதுதான். நெருக்கடி வருமுன் வீட்டில் எல்லோரும் அறிய ஒரு பட்டியல் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். அதில் நான்கு வரிகள் போதும்.

1. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் தினமும் ஒரு முட்டை, அல்லது ஒரு துண்டு மீன், அல்லது ஒரு கிண்ணம் பருப்பு.
2. எல்லோருக்கும் தினமும் ஏதோ ஒரு கீரை.
3. முதியவர்களின் மருந்து.
4. சமைத்தவரும் மற்றவர்களோடு சேர்ந்தே, அதே அளவில் சாப்பிடுவது.

நான்காவது வரியை எழுதியே ஆக வேண்டும். எழுதாத வீட்டில் அது முதலில் மறையும்.

காவல் பட்டியலை மலிவாக நடத்த ஒரு கணக்குத் தெரிந்திருந்தால் போதும். 400 கிராம் பால்மாவில் ஏறக்குறைய 100 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஆகவே ஒரு பால்மாப் பக்கற்றுக்குச் சமமான புரதம் 16 முட்டையில் கிடைக்கிறது. மைசூர்ப் பருப்பு 400 கிராமிலும் ஏறக்குறைய அதே அளவு உண்டு. மூன்றின் இன்றைய விலையையும் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். எது மலிவு என்பது மாதத்துக்கு மாதம் மாறும், ஒப்பிடும் முறை மாறாது.

பால்மா வெறும் தேநீரின் நிறத்துக்காகச் செலவாகிறதா, பிள்ளையின் வயிற்றுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். பெரியவர்கள் நால்வர் காலையும் மாலையும் பால் தேநீர் குடிக்கும் வீட்டில் பக்கற்றின் பெரும்பகுதி தேயிலையோடு போய்விடும். பெரியவர்கள் வெறுந்தேநீருக்கு மாறி, பாலைப் பிள்ளைக்கு ஒதுக்கினால் அதே பக்கற் பல நாள் நிற்கும். பாலில் உள்ள கல்சியத்துக்கு நம் ஊரில் நல்ல மாற்று இருக்கிறது. முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்தலியும் சின்னச் சூடையும் அதைத் தரும். மூதூர், தோப்பூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரும் உள்ளூர்ப் பசுப்பாலும் டொலரில் விலை பேசப்படுபவை அல்ல. கிடைக்கும் இடத்தில் அவற்றைப் பால்மாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கீரைக்குச் செலவு செய்ய வேண்டியதே இல்லை. முருங்கையும் அகத்தியும் வேலியில் நிற்கும். பொன்னாங்காணி, வல்லாரை, பசளி மூன்றும் அரிசி கழுவிய தண்ணீரிலேயே வளரும். மணல் நிலம் உள்ளவர்கள் பழைய உரப்பையில் செம்மண்ணும் இலைக்குப்பையும் நிரப்பி நடலாம்.

ஊரின் பருவத்தோடு வாங்குதல்

நம் மாவட்டத்துக்கு இருக்கும் பெரிய பலம், அரிசியும் மீனும் இங்கேயே கிடைப்பது. இரண்டுக்கும் பருவம் உண்டு. பருவத்தை அறிந்து வாங்குபவர் ஆண்டு முழுவதும் ஒரே விலை கொடுக்க வேண்டியதில்லை.

அரிசியில் தொடங்குவோம். கந்தளாய், தம்பலகாமம், மூதூர், சேருவில வயல்களில் பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சிலும் சிறுபோக அறுவடை ஆகஸ்ட், செப்டெம்பரிலும் வரும். அறுவடை முடிந்த கையோடு நெல் விலை இறங்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் ஏறும். 2024 டிசம்பரில் இது நாடு முழுவதும் தெரிந்தது. நாட்டரிசிக்கு 230 ரூபா, சம்பாவுக்கு 240 ரூபா, பச்சையரிசிக்கு 220 ரூபா என்று உச்ச சில்லறை விலையை அரசு வர்த்தமானியில் அறிவிக்க வேண்டி வந்தது. அறிவித்த பிறகும் பல கடைகளில் நாட்டரிசியும் சிவப்புப் பச்சையும் கிடைக்கவில்லை.

ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒன்றேகால் கிலோ அரிசி என்றால் மாதத்துக்கு 37 அல்லது 38 கிலோ. விலை ஏறும் மூன்று மாதங்களுக்கு ஏறக்குறைய 112 கிலோ வேண்டும். 100 கிலோ நெல்லைக் குத்தினால் சுமார் 65 கிலோ அரிசி கிடைக்கும். ஆகவே சிறுபோகம் முடிந்ததும் 175 கிலோ நெல் வாங்கி வைத்தால் கார்த்திகை, மார்கழி, தை மூன்றும் கடந்துவிடும். நெல் விலையோடு ஏற்றுக்கூலி, அவிக்கும் கூலி, குத்துக்கூலி மூன்றையும் கூட்டி, கிடைக்கும் அரிசியின் எடையால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகை கடை விலையைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். தனியாக லொறி பிடிக்க முடியாதவர்கள் மூன்று நான்கு வீடாகச் சேர்ந்து வாங்கலாம்.

வாங்கிய நெல் காய்ந்திருக்க வேண்டும். ஒரு மணியைப் பல்லில் கடித்தால் நொறுங்க வேண்டும், நசுங்கக் கூடாது. அரிசியைவிட நெல் நீண்ட நாள் தாங்கும், உமி அதைக் காக்கிறது. மாதத்துக்கு வேண்டியதை மட்டும் குத்திக்கொள்ளுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மார்கழி மழையில் சுவர் கசியும் வீடுகளுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பா நல்லது.

மீனுக்கு வருவோம். கிழக்குக் கடல் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள்கூட இந்தப் பருவத்தில் நம் கரைக்கு வந்து வாடி அமைப்பார்கள். வாடைக்காற்று தொடங்கியதும் வெளிக்கடல் கொந்தளிக்கும், படகுகள் குறையும், விலை ஏறும். அப்போது குடாவுக்குள்ளும் களப்பிலும் பிடிபடும் சின்ன மீன்தான் துணை. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் கருவாடு சேர்த்து வைப்பது நம் பாட்டிமார் தெரிந்து செய்த காரியம். அந்த மாதங்களில் வெயிலும் உண்டு, மீனும் உண்டு. மழைக் காலத்தில் அதே கருவாட்டைக் கடையில் வாங்குவதற்கும் ஜூலை, ஆகஸ்டில் வீட்டில் போடுவதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டை நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும்.

மத்தியானம் தாண்டியதும் சந்தையில் மீன் விலை இறங்கும். இறங்கிய விலையில் வாங்கலாம், ஆனால் சூரையிலும் கும்பளாவிலும் கவனம் வேண்டும். இவை வெயிலில் கிடந்தால் உண்டாகும் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை இடிக்கும். ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

வெங்காயத்துக்கும் இதே பார்வை வேண்டும். பெரிய வெங்காயத்தின் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தினால் இங்கே விலை பாயும், 2023 டிசம்பரில் அப்படித்தான் நடந்தது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயம் கிண்டும் காலத்தில் பிடியாக வாங்கி, காற்றோட்டமான இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மாதம் நிற்கும்.

சின்னப் பக்கற்றின் பெரிய விலை

கணக்குக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். மிளகாய்த்தூள் 50 கிராம் பக்கற் 100 ரூபா, 500 கிராம் பக்கற் 800 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சின்னப் பக்கற் வாங்கியவர் 1,000 ரூபா கொடுத்திருப்பார். ஒரே பொருளுக்கு 200 ரூபா கூடுதல். கையில் 800 ரூபா இல்லாததால்தான் ஏழை வீடு இந்த 200 ரூபாவை இழக்கிறது. இதை மாற்ற ஒரே நாளில் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்க வேண்டியதில்லை. முதல் மாதம் ஒரு பொருளை மட்டும் பெரிய அளவில் வாங்குங்கள். அதில் மிஞ்சும் காசு அடுத்த மாதம் இரண்டாவது பொருளுக்கு உதவும். மிளகாய்த்தூள், பருப்பு, சவர்க்காரம், தேயிலை என்று ஆறு மாதத்தில் ஆறு பொருள் பக்கற்றிலிருந்து கிலோவுக்கு மாறிவிடும். செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி, வறுத்து, அண்டை வீட்டாரோடு சேர்ந்து மில்லில் அரைத்தால் இன்னும் மிச்சம்.

எண்ணெய், சீனி, பிஸ்கட் ஆகியவற்றை மொத்தமாக வாங்கும்போது எச்சரிக்கை வேண்டும். கண்ணுக்கு முன் கூடுதலாக இருந்தால் கூடுதலாகச் செலவாகும். கெடாததும் அளவு மாறாததுமே மொத்தமாக வாங்க ஏற்றவை.

விலை அப்படியே இருக்க எடை குறைவதும் உண்டு. பக்கற்றின் முகப்பைப் பார்க்காமல் கிராமைப் பாருங்கள். உங்கள் கொப்பியில் அளவையும் எழுதச் சொன்னதன் காரணம் இதுதான்.

தேங்காயும் காஸும்

புட்டும் இடியப்பமும் சொதியும் உள்ள வீட்டில் தேங்காய் விலை ஏறினால் மூன்று வேளையும் பாதிக்கும். தேங்காயை நிறுத்துவது நடக்காத காரியம், முறைப்படுத்தலாம். ஒரு வேளையில் ஒரு தேங்காய்க் கறி மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொதி வைக்கும் நாளில் மற்றக் கறி புளிக்குழம்பாகவோ பருப்பு ரசமாகவோ கீரைச் சுண்டலாகவோ இருக்கட்டும். பால் பிழிந்த தேங்காய்ப்பூவை எறியாமல், செத்தல் மிளகாயோடு வறுத்து இடித்தால் புட்டுக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும்.

காஸ் சிலிண்டரில் தொடங்கிய திகதியைச் சுண்ணாம்பாலோ பேனாவாலோ எழுதி வையுங்கள். முடியும் நாளில் எத்தனை நாள் ஓடியது என்று தெரியும், ஒரு நாளின் காஸ் செலவும் தெரியும். பருப்பு, கடலை, பயறு மூன்றையும் ஊறவைத்தே அடுப்பில் ஏற்றுங்கள். மூடி போட்டுச் சமையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். காலைத் தேநீருக்குக் கொதிக்கும் தண்ணீரைப் போத்தல் பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் மாலைவரை அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. விறகடுப்புக்குத் திரும்பும் வீடுகள் புகை வெளியேற வழி செய்ய வேண்டும். காஸில் மிச்சம் பிடித்ததை மூச்சுத்திணறலுக்கு வைத்தியம் பார்த்துச் செலவிடக் கூடாது.

கடன் கொப்பியும் ஒழுங்கில்லாத வருமானமும்

துறைமுகத்திலும் அரச திணைக்களத்திலும் மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கும், கடலை நம்பும் வீட்டுக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. சம்பள வீடு சம்பளம் வந்த மூன்று நாளுக்குள் அரிசி, பருப்பு, மா, காஸ் நான்கையும் மாதம் முழுவதற்கும் வாங்கிவிட வேண்டும். மீனும் மரக்கறியும் கிழமைக் காசில் நடக்கட்டும். அந்தக் காசை நான்கு உறையில் பிரித்து வையுங்கள்.

கடலில் உழைக்கும் வீட்டில் நல்ல நாளும் வெறும் நாளும் மாறி மாறி வரும். அங்கே நாள் வருமானத்தைப் பார்த்துச் செலவு செய்யக் கூடாது. கடந்த வாடைக்காலத்தில் ஒரு மாதம் குடும்பம் எவ்வளவில் ஓடியது என்று நினைவுபடுத்துங்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நல்ல பிடிபாடு கிடைக்கும் ஒவ்வொரு நாளிலும் ஒரு பங்கை எடுத்து, அப்படி மூன்று மாதத்துக்கு வேண்டிய தொகையைச் சேர்ப்பதே இலக்கு. சேர்ப்பதைப் பணமாக மட்டும் வைக்காமல் நெல்லாகவும் கருவாடாகவும் வைத்தால் இடையில் எடுத்துச் செலவழிக்கத் தோன்றாது.

கடைக் கொப்பி பல வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. 2022இல் கடன் கொடுத்த சில்லறைக் கடைக்காரர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் கடனுக்கு வாங்கும் பொருளுக்கு நூற்றுக்கு 5 ரூபா கூடினால், மாதத்துக்கு மாதம் அதே கடனைச் சுமக்கும் வீடு ஆண்டுக்கு 60 சதவீத வட்டி கொடுக்கிறது. கொப்பி கடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இரண்டு இருக்கட்டும். கடனில் சீனியும் பிஸ்கட்டும் வாங்குவதில்லை, காவல் பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே வாங்குவது என்று ஒரு விதி வையுங்கள்.

சாப்பாட்டுக்காக நுண்கடன் எடுக்காதீர்கள். சாப்பிட்டுத் தீர்ந்த பிறகும் கிழமைத் தவணை தொடரும். வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பட்ட நுண்கடனில் ஒரு பகுதியை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததை வடக்கும் கிழக்கும் மறக்கக் கூடாது. நகை அடகு வைக்க நேர்ந்தால் வட்டி வீதத்தையும் மீட்கும் கடைசித் திகதியையும் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள்.

கேட்டுப் பெற வேண்டியவை

சிக்கனம் நம் கடமை, சரியான விலையும் சரியான நிறையும் நம் உரிமை. பக்கற்றில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் நிறை இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுக்கச் சொல்லுங்கள். இவற்றைக் கேட்பது சண்டை அல்ல.

2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும உதவி, வருமானம் குறைந்த குடும்பங்களின் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. பெயர் விடுபட்டவர்கள் வெட்கத்தாலோ அலுப்பாலோ விட்டுவிடக் கூடாது. விண்ணப்பமும் மேன்முறையீடும் கோரப்படும் காலத்தைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் கிளினிக் போகும்போது குடும்ப நல உத்தியோகத்தரிடம் திரிபோஷ பற்றிக் கேளுங்கள். நிறை குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

தொடங்கும் முறை

முதல் கிழமை: கொப்பி தொடங்குங்கள். எதையும் மாற்ற வேண்டாம், எழுதினால் போதும்.

இரண்டாம் கிழமை: காவல் பட்டியலைக் குடும்பமாக உட்கார்ந்து எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை அதை எழுதட்டும்.

மூன்றாம் கிழமை: முட்டை, பருப்பு, பால்மா, மீன் நான்கின் விலையையும் ஒப்பிடுங்கள். சிலிண்டரில் திகதி எழுதுங்கள்.

நான்காம் கிழமை: ஒவ்வொரு வரிக்கும் எழுத்துப் போட்டு, “கு” என்று விழுந்தவற்றில் பாதியை அடுத்த மாதம் நிறுத்துங்கள். மிஞ்சிய காசில் ஒரு பொருளைப் பக்கற்றிலிருந்து கிலோவுக்கு மாற்றுங்கள்.

மூன்று மாதம் சென்றதும் கொப்பியை எடுத்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். செலவு குறைந்ததா? காவல் பட்டியலின் நான்கு வரியும் ஒவ்வொரு நாளும் நடந்ததா? முதற்கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் பதில் வந்தால், மிச்சம் பிடித்ததை உங்கள் வீட்டின் பலவீனமானவர் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அப்போது “கு” பட்டியலை மறுபடி எடுத்து, அங்கிருந்து இன்னும் வெட்டுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஆம் என்ற பதில் வரும்வரை முதற்கேள்வியின் பதிலை வெற்றியாக எண்ணாதீர்கள்.